செல்லக்கண்ணு, ஏ. சி. (1956)

நாற்பத்தாறு வயதில் தனசேகரனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கும் ஆசை வந்தது. சிங்கப்பூரின் தெம்பனிஸில் ஒரு சரக்கு நிறுவனத்தில் நல்ல வேலை, பிடோக்கில் நாலறை வீடு, தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் இருக்கும் மனிதனுக்கு வேறு என்ன குறை என்று யாரும் கேட்கலாம். அவர் மனைவி சுதா கேட்கவே செய்தார்.

"இந்த வயசுல மத்தவங்க மீன் தொட்டி வாங்குவாங்க, இல்ல சைக்கிள் வாங்குவாங்க. நீங்க போய் ஒரு தீசிஸ வாங்கிட்டு வந்திருக்கீங்க. அதுக்குத் தீனி யாரு போடுறது?"

தீனி போடுவதுதான் தனசேகரனுக்கும் பெரும்பாடாக இருந்தது. லிட்டில் இந்தியாக் கடைகளின் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் என்பது அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு. தெருத்தெருவாகப் போய்ப் பலகைகளைப் படம் எடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது. யார் எந்த ஆண்டில் எந்த நூலில் என்ன சொன்னார் என்று குறித்துவைப்பதுதான் பிடிக்கவில்லை. அவருடைய கணினியில் 'ரெஃபரன்ஸ் நியூ' என்று ஒரு கோப்பு இருந்தது. 'ரெஃபரன்ஸ் நியூ டூ' என்று இன்னொன்று. 'ரெஃபரன்ஸ் இதுதான் நியூ' என்று மூன்றாவது. எதில் எது இருக்கிறது என்பது அந்தக் கணினிக்கே தெரியாது. மீதி நூல்களின் அட்டைப் படங்கள் கைத்தொலைபேசியில், சுதா மார்க்கெட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பிய காய்கறிப் படங்களுக்கு நடுவே கிடந்தன.

அவரோடு ஒரே பேராசிரியரிடம் படித்துக்கொண்டிருந்தவர் ஃபஸீலா. பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை, மாலையில் படிப்பு. பழைய சாப்பாட்டுக் கடைகளின் மெனு அட்டைகள் அவருடைய ஆராய்ச்சி. மருந்துக் கடையில் இருப்பவருக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ஒருநாள் வகுப்பு முடிந்து தனசேகரனின் திரையை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, என்ன இது?"

"என்னோட பிப்ளியோகிராஃபி."

"நான் துணி காயப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்கே உட்காரவைத்து அவருக்கு ஸொட்டேரோ என்ற மென்பொருளை இறக்கிக் கொடுத்தார் ஃபஸீலா. நூல், கட்டுரை, செய்தித்தாள் எதுவானாலும் இணையத்தில் அதைப் பார்க்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எழுதியவர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தீசிஸ் எழுதும்போது அங்கிருந்து எடுத்து அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

"எவ்வளவு?" என்றார் தனசேகரன்.

"ஃப்ரீலா. ஓப்பன் சோர்ஸ். எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு யாரு வேணும்னாலும் உள்ள பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம்."

"சும்மா எதுக்குக் கொடுக்கிறான்? பராத்தா கடையில ரெண்டாவது தடவை குழம்பு கேட்டாலே மொறைக்கிறான்."

"அண்ணே, உலகத்துல எல்லாரும் பராத்தா கடைக்காரன் இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு குரூப் லைப்ரரி போட்டிருக்கேன். நான் சேக்குறது உங்களுக்குத் தெரியும், நீங்க சேக்குறது எனக்குத் தெரியும். பூட்டி வைக்கல, வெளிய இருக்கிறவங்களும் பாக்கலாம். ஆனா மெம்பர்தான் கைவைக்க முடியும். சரியா?"

"சரி சரி," என்றார் தனசேகரன். அந்தச் 'சரி சரி'யில் பாதிதான் காதில் விழுந்தது என்று அர்த்தம். ஃபஸீலாவுக்கு அது அப்போது தெரியவில்லை.

புதிதாகப் பக்தி வந்தவரைக் கோயிலிலிருந்து கிளப்புவது கஷ்டம். தனசேகரன் ரயிலில் பொத்தானை அழுத்தினார், அலுவலகச் சாப்பாட்டு நேரத்தில் அழுத்தினார். பெயர்ப்பலகைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத, ஜப்பானியக் குடைகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்கும் அழுத்தினார். 'படிக்க வேண்டியவை' என்று ஒரு பிரிவு, 'படித்தவை' என்று ஒரு பிரிவு, நேர்மையான மனிதர் என்பதால் 'படித்த மாதிரி' என்று ஒரு பிரிவும் வைத்தார். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது, ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் குறிப்பு எழுதிக்கொள்ளும் வசதி. அலுவலகத்தில் வாயைத் திறக்காமல் தலையாட்டி, வீட்டில் சுதாவுக்குத் தலையாட்டி, இருபது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த கருத்துகளுக்கெல்லாம் ஒரு வாசல் கிடைத்ததுபோல் ஆயிற்று.

அவருடைய பேராசிரியர் டாக்டர் சாமுண்டீஸ்வரி பெயர்ப்பலகைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. அதன் கீழே தனசேகரன் இப்படி எழுதினார்: 'நல்ல கட்டுரைதான். ரயிலில் படித்தேன். பிடோக்கில் இறங்க வேண்டியவன் கடைசி நிலையமான பாசிர் ரிஸ்ஸில் போய் முழித்தேன்.'

மறுநாள் இன்னொன்று சேர்த்தார்: 'இரண்டாம் பகுதியின் முதல் வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தால் எழுதுகிறேன்.'

அதற்கும் அடுத்த வாரம் மூன்றாவது: 'யார் இந்தச் செல்லக்கண்ணு, ஏ. சி.? 1956. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இவர் நிற்கிறார். தமிழ் எழுத்தின் அளவுக்கும் சமூகத்தின் தன்னம்பிக்கைக்கும் தொடர்பு இருக்கிறது என்று இவர் நிறுவினாராம். எங்கே நிறுவினார்? இவருடைய நூலை ஒருவரும் கண்ணால் பார்த்த மாதிரி தெரியவில்லை. மேடமும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.'

இதையெல்லாம் எழுதும்போது தம்முடைய சொந்த நூலகத்தில் எழுதுவதாகத்தான் தனசேகரன் நினைத்துக்கொண்டிருந்தார். திரையின் இடப்பக்கத்தில் 'என் நூலகம்' மேலே இருக்கும், குழு நூலகம் கீழே இருக்கும். அவர் முதல் நாளிலிருந்தே கீழே இருந்ததில்தான் குடியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டே நூலகத்தைத் திறந்தவர், தம் குறிப்புகளுக்குக் கீழே புதிதாகச் சில குறிப்புகள் இருப்பதைப் பார்த்தார். பாசிர் ரிஸ் குறிப்பின் கீழே இப்படி இருந்தது: 'மன்னிக்கவும். அடுத்த கட்டுரையைப் பிடோக்குக்கு முந்தைய கெம்பாங்கான் வருவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன். சா.'

வாக்கியம் தேடியதன் கீழே: 'முப்பத்தொன்றாம் பக்கம் போங்கள். முற்றுப்புள்ளி அங்கே இருக்கிறது. சா.'

செல்லக்கண்ணுவின் கீழே ஒரே வரிதான்: 'வியாழக்கிழமை நேரில் பேசுவோம். சா.'

தனசேகரனுக்கு வாயிலிருந்த மீ கோரெங் நூடுல்ஸ் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. உலகத்தில் 'சா' என்று தொடங்கும் பெயர் உடையவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் முப்பத்தொன்றாம் பக்கத்தில் எங்கே முற்றுப்புள்ளி இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

பதற்றத்தில் மனிதன் செய்யக் கூடாத காரியத்தை அவர் உடனே செய்தார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். குறிப்பை மட்டும் அழித்திருந்தாலாவது பரவாயில்லை. குறிப்பு, கட்டுரை, நூல், பிரிவு, ஜப்பானியக் குடை உட்பட எல்லாம் போயிற்று. திரை பளிச்சென்று காலியானதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி ஃபஸீலாவின் தொலைபேசி அழைப்பு வரும்வரை நீடித்தது.

"அண்ணே, நம்ம லைப்ரரி எங்க?"

"ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? ஒண்ணுமே இல்லண்ணே! என்னோட மெனு கார்டு எல்லாம் போச்சு. ரெண்டு வருஷமா சேத்தது. நீங்க ஏதாவது தொட்டீங்களா?"

தனசேகரன் நடந்ததைச் சொன்னார். மறுமுனையிலிருந்து ஒரு விநோதமான ஒலி வந்தது. ஃபஸீலா அழுகிறாரோ என்று பயந்தார். சிரிப்பை அடக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார் அவர்.

"மேடம நான் போன மாசமே குரூப்ல சேத்தாச்சு. உங்ககிட்ட சொன்னேனே, நீங்க 'சரி சரி'ன்னீங்க."

"குறிப்பு எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன் ஃபஸீலா."

"உங்களுக்கும், எனக்கும், மேடமுக்கும். அப்புறம் இன்டர்நெட் இருக்கிற எல்லாருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "பாசிர் ரிஸ் படிச்சிட்டு நான் கடையில சத்தமா சிரிச்சுட்டேன். மருந்து வாங்க வந்த அங்கிள் என்னன்னு கேட்டாரு."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க எழுதுறத நிறுத்தியிருப்பீங்க."

அழித்தவை எல்லாம் குப்பைத்தொட்டிக்குள்தான் போயிருந்தன. ஃபஸீலா அவற்றை ஒன்றுவிடாமல் மீட்டு, பழைய இடத்தில் வைத்தார். குறிப்புகளும் பத்திரமாகத் திரும்பி வந்தன. அவற்றை மட்டும் விட்டுவிடலாமே என்று தனசேகரன் கெஞ்சிப் பார்த்தார். மேடம் ஏற்கெனவே படித்துவிட்டதை இனி அழித்து என்ன ஆகப்போகிறது என்றார் ஃபஸீலா.

வியாழக்கிழமை டாக்டர் சாமுண்டீஸ்வரி தனசேகரனையும் ஃபஸீலாவையும் பல்கலைக்கழகத்தில் பார்க்கவில்லை. டன்லப் ஸ்திரீட்டில் தாம் வழக்கமாகச் சாப்பிடும் சைவக் கடைக்கு வரச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் திட்டு வாங்குவது அலுவலக அறையில் வாங்குவதைவிட மோசம் என்று தனசேகரனுக்குத் தோன்றியது. அங்கே எழுந்து போகவும் முடியாது, சாம்பாரை விட்டுவிட்டு வரவும் முடியாது.

பேராசிரியர் இலையைப் பார்த்து நிதானமாகச் சாப்பிட்டார். அப்பளத்தை நொறுக்கினார். ரசம் கேட்டார். தனசேகரன் ஒரு கவளத்தைப் பத்து நிமிடமாக உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தனசேகரன், தூக்கம் வருதா?" என்றார் சாமுண்டீஸ்வரி.

"மேடம், அது வந்து..."

"இல்ல, நான் இன்னும் பேச ஆரம்பிக்கலையே, அதான் கேட்டேன்."

ஃபஸீலா தண்ணீர் குவளைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

"சாரி மேடம். ரொம்ப சாரி."

"எதுக்கு சாரி? இத்தனை வருஷத்துல அந்தக் கட்டுரையைப் பத்தி எனக்கு வந்ததெல்லாம் பாராட்டுதான். முழுசாப் படிச்சுட்டு எழுதினது நீங்க ஒருத்தர்தான் போல. தூங்கி எழுந்து படிச்சிருந்தாலும் சரி." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "முதல் ரெண்டு குறிப்பை விடுங்க. மூணாவதுதான் என்னைத் தூங்க விடல. செல்லக்கண்ணுவோட புத்தகத்த நான் பாத்திருக்க மாட்டேன்னு எழுதியிருந்தீங்க இல்ல?"

தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்ததில்ல," என்றார் சாமுண்டீஸ்வரி.

அவர் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவரின் குழப்பம்தான் இருந்தது. மாணவியாக இருந்த காலத்தில் தம் ஆசிரியர் ரத்னவேலின் நூலில் அந்தப் பெயரைப் பார்த்ததாகவும், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே எடுத்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். "எல்லாரும் அப்படித்தான் செஞ்சிருப்போம்னு இப்ப தோணுது. உங்க ஸொட்டேரோல தேடிப் பாக்கலாமா? யாரு யாருகிட்டயிருந்து எடுத்தாங்கன்னு?"

அடுத்த சில வாரங்கள் மூன்று பேரும் அதில் இறங்கினார்கள். குழு நூலகத்தில் 'செல்லக்கண்ணு' என்று ஒரு பிரிவு பிறந்தது. அவரை மேற்கோள் காட்டிய கட்டுரைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் போட்டு, அது யாரிடமிருந்து எடுத்தது என்று கீழே குறித்தார்கள். புதிய கட்டுரை பழைய கட்டுரையைக் காட்டியது. பழையது அதைவிடப் பழையதைக் காட்டியது. செல்லக்கண்ணு சில இடங்களில் 'ஏ.' என்றும், சில இடங்களில் 'ஏ. சி.' என்றும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கட்டுரையில் 'டாக்டர்' என்றும் இருந்தார். யாரோ பெருந்தன்மையாக அவருக்குப் பட்டமும் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் எல்லாப் பாதைகளும் கடைசியில் போய் நின்றது ஒரே இடத்தில்தான்: ரத்னவேலின் நூல். அதற்கு முன்னால் செல்லக்கண்ணு எங்கேயும் இல்லை.

"அவருகிட்டயே கேட்டுடலாமே மேடம்," என்றார் ஃபஸீலா. "புக்கிட் பாஞ்சாங்லதானே இருக்காரு?"

"கேக்கறேன் கேக்கறேன்," என்றார் சாமுண்டீஸ்வரி. ஊரே அஞ்சும் பேராசிரியர் அவர். தம் பழைய ஆசிரியரைப் பற்றிப் பேச்சு வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஆகிவிட்டார். கேட்கவும் இல்லை.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. குழுவில் சேர விரும்புவதாக அஃப்னா என்ற பெண் பினாங்கிலிருந்து எழுதியிருந்தார். ஜார்ஜ்டவுனின் பழைய அச்சகங்களைப் பற்றி ஆராய்பவர். இணையத்தில் ஒரு பெயரைத் தேடப்போய் அவர்களுடைய நூலகம் கண்ணில் பட்டதாம். 'நீங்கள் தேடும் செல்லக்கண்ணு என்னிடம் இருக்கிறார் என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தார். ஃபஸீலா அவரைச் சேர்த்துக்கொண்டதும் அன்று மாலையே ஒரு படம் வந்து நூலகத்தில் உட்கார்ந்தது.

தனசேகரன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்து பார்த்தார். மடித்த தடம் உள்ள ஒற்றைத் தாள். 1956 என்று அச்சிட்டிருந்தது. நடுவில் ஏணி மேல் நின்று பெயிண்ட் அடிக்கும் ஒரு மனிதனின் படம். மேலே கொட்டை எழுத்தில்: 'செல்லக்கண்ணு & கோ. பெயர்ப்பலகை எழுதுவோர். சிங்கப்பூர், பினாங்கு.' கீழே: 'பலகையில் தமிழ் பெரிதானால் வாசலில் கூட்டம் பெரிதாகும். ஏணி எங்களுடையது.'

அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. சுதா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

"என்னங்க ஆச்சு?"

"சுதா, செல்லக்கண்ணு மனுஷனே இல்ல. கம்பெனி! செல்லக்கண்ணு அண்ட் கோ. இங்கிலீஷ்ல எழுதுறப்ப யாரோ அந்த 'அண்ட்'ங்கிற குறிய 'ஏ'ன்னு படிச்சிருக்காங்க, 'கோ'வ 'சி' ஆக்கிட்டாங்க. இது ஆராய்ச்சியே இல்ல. விளம்பர நோட்டீஸ். பெயிண்ட் அடிக்கிறவங்க சின்ன எழுத்தா எழுதுங்கன்னா சொல்லுவாங்க?"

சுதா திரையை எட்டிப் பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா எல்லாருமா சேந்து இவங்களுக்கு ஃப்ரீயா விளம்பரம் பண்ணியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தனசேகரனின் ஆய்வேட்டில் இதைவிடத் தெளிவான வாக்கியம் கடைசிவரை எழுதப்படவில்லை.

சாமுண்டீஸ்வரி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார் என்று ஃபஸீலா சொன்னார். பிறகு, துறையில் நடக்கும் மாதக் கருத்தரங்கில் இதைத் தனசேகரனே பேசட்டும் என்று முடிவு செய்தாராம். தம் கட்டுரைக்கான திருத்தத்தையும் அன்றே எழுதி இதழுக்கு அனுப்பிவிட்டார். அந்தத் திருத்தம் மூன்றே வரிதான், முற்றுப்புள்ளிகள் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன.

கருத்தரங்கு நாளில் இருபது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், ஏறக்குறைய அவ்வளவு பேர்தான் வந்தார்கள். தனசேகரன் திரையில் ஓட்டிய ஸ்லைடுகளில் மூன்றாவது படவில்லையைத் தாண்டும்போது கதவு திறந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் மடக்குக் குடை, தலை முழுக்க நரை. முன்வரிசையில் இருந்த சாமுண்டீஸ்வரி சட்டென்று எழுந்து நின்றார். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்தே வந்தவர் யாரென்று தனசேகரனுக்குப் புரிந்துவிட்டது. அழைப்பு எல்லாருக்கும் போகும், ரத்னவேலுக்கும் போகும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து இரண்டு ரயில் மாறி அவர் வருவார் என்பதும் தோன்றவில்லை.

ஆறாவது வில்லையில் ஒரு மரம் வரைந்திருந்தார் தனசேகரன். கிளைகளில் கட்டுரைகள். வேரில் பெரிய எழுத்தில் ரத்னவேலின் நூல், ஆண்டோடு. ஐந்தாவது வில்லையிலேயே நின்று பேச்சை இழுத்தார். சொன்னதையே மறுபடி சொன்னார். அவருடைய குறிப்புகளை ஊரே படித்த செவ்வாய்க்கிழமை அவர் நினைவுக்கு வந்தது. இந்த மனிதருக்கு அதைச் செய்ய வேண்டுமா?

"செல்லக்கண்ணுவைப் பத்தித்தானே பேசறீங்க?" என்று ரத்னவேலே குரல் கொடுத்தார். "நல்ல தலைப்பு தம்பி. நான் அவரச் சந்திச்சிருக்கேன்."

ஃபஸீலா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சாமுண்டீஸ்வரி கூரையைப் பார்த்தார்.

"பினாங்குல," என்று ரத்னவேல் தொடர்ந்தார். "ரொம்ப அடக்கமானவரு. அதிகம் பேச மாட்டாரு."

தனசேகரன் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஆறாவது வில்லையைத் தாண்டி நேரே ஏழாவதற்குப் போனார். ஏணி மனிதன் திரையில் பெரிதாக வந்து நின்றான்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்," என்றார். "அவரு எழுதினதெல்லாம் பலகையிலதான். நாங்கதான் புத்தகம்னு நெனச்சுட்டோம். யாரு முதல்ல நெனச்சாங்கன்னு தேடறதுல பிரயோஜனம் இல்ல, நாங்க எல்லாருமே நெனச்சோம்."

ரத்னவேல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் படித்தார். உதடுகள் அசைந்தன. கடைசி வரிக்கு வந்தபோது அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. "ஏணி எங்களுடையது," என்று சத்தமாகவே படித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கலாம் என்று தெரிந்ததும் அறையே சிரித்தது.

கூட்டம் முடிந்து வெளியே தே தாரிக் தேநீரும் கறிபஃப் பலகாரமும் வைத்திருந்தார்கள். ரத்னவேல் குடையை இடுக்கிக்கொண்டு தனசேகரனிடம் வந்தார்.

"ஒரு படத்த நீங்க காட்டாமத் தாண்டிட்டீங்க. வேகமாப் போனாலும் என் பேரு எனக்குத் தெரியாதா?"

"சார்..."

"பரவாயில்ல தம்பி. என் நண்பர் ஒருத்தர் அந்த நோட்டீஸப் பாத்து ஒரு அட்டையில இங்கிலீஷ்ல கையால எழுதிக் கொடுத்தாரு. அவரு கையெழுத்து கோழி கிளறின மாதிரி. நான் படிச்சது அப்படி." கறிபஃப்பை ஒரு கடி கடித்துக்கொண்டார்.

"அப்ப பினாங்குல பாத்தது, சார்?"

"அது ஒரு கல்யாணம். ஒருத்தர், 'இவர்தான் செல்லக்கண்ணு'ன்னு அறிமுகப்படுத்தினாரு. நான் போய்க் கையக் குலுக்கி, 'உங்க புத்தகம் பிரமாதம்'னு பத்து நிமிஷம் பேசினேன். அவரும் நன்றி நன்றின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு." ரத்னவேல் யோசித்தார். "பாவம், அவரு யாரோ. அன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன நெனச்சிருப்பாரோ."

பக்கத்தில் நின்றிருந்த சாமுண்டீஸ்வரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தம் ஆசிரியரின் முன்னால், தேநீரைச் சிந்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என் புத்தகத்த மறுபதிப்பு போடப்போறாங்க," என்றார் ரத்னவேல், சிரிப்பு அடங்கியதும். "அதுல நாலு இடத்துல இவரு வராரு. பட்டியல் பூரா எடுத்துப் பாத்தா இன்னும் எத்தனை பேரு ஏணியோட நிக்கிறாங்களோ. உங்க லைப்ரரில நானும் சேரலாமா? எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியாது."

"இப்பவே சேத்துடலாம் சார், உங்க ஈமெயில் மட்டும் சொல்லுங்க," என்று ஃபஸீலா கைத்தொலைபேசியை எடுத்தார்.

தனசேகரன் மடிக்கணினியைத் தேநீர்க் குவளைகளுக்கு நடுவே வைத்துத் திறந்தார். ரத்னவேலுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, செல்லக்கண்ணுவின் பதிவில் எழுதியவர் பெயரைத் தொட்டார். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், முதற்பெயருக்கு ஒரு கட்டம் என்று இருந்ததை ஒரே கட்டமாக மாற்றி, 'செல்லக்கண்ணு அண்ட் கோ' என்று தட்டினார். இது நூலா, கட்டுரையா, ஆவணமா என்று அடுத்த கட்டம் கேட்டது.

"விளம்பரம்னு போடுங்க," என்றார் சாமுண்டீஸ்வரி.

"அப்படி ஒரு வகை அதுல இல்ல மேடம்."

"அப்ப ஆவணம்னு போடுங்க தம்பி," என்றார் ரத்னவேல், நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துக்கொண்டு. "போட்டாச்சா? சரி, இப்ப என் புத்தகத்தோட முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம்."